நோட்டில் மட்டும் ஐந்து பேர்

"நல்லா இருந்துச்சின்னு பிரியாணிக்குச் சொல்லு. புக்குக்கு வேற எதனா சொல்லு."

சொல்லிவிட்டுக் கடைக்காரம்மா எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்க மாட்டார். ஜெராக்ஸ் எந்திரத்தின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். அடியில் ஓடும் பச்சை வெளிச்சம் அவருடைய தாடையில் ஏறி, மூக்கில் ஏறி, நெற்றியில் போய் அணையும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த பிள்ளை பேனாவைக் கடித்துக்கொண்டு நிற்கும். வெளியே கள்ளக்குறிச்சியின் வெயில் சந்துக்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே எரியும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது அந்தக் கடை. நோட்டு, பேனா, ஜெராக்ஸ், லேமினேஷன். பின்சுவரில் ஓர் இரும்பு அலமாரி நிறைய கதைப் புத்தகங்கள். யாரும் எடுத்துப் போகலாம். வாடகை கிடையாது. ஆனால் திருப்பித் தரும்போது, அலமாரிக் கைப்பிடியில் கயிறு போட்டுக் கட்டிய நீள நோட்டில் அபிப்பிராயம் எழுத வேண்டும். கீழே பெயர், ஊர். கடைக்காரம்மாவை எல்லோரும் ஆப்பா என்றுதான் கூப்பிட்டோம். உருதில் அக்கா.

அந்த அலமாரியில் இருந்த ஒரு புத்தகத்தையும் ஆப்பா படித்ததில்லை.

படிக்கத் தெரியாதவர் அல்ல. பகல் தொழுகை முடித்து, சாப்பிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தினமும் ஒரு மணி நேரம் படிப்பார். அபிப்பிராய நோட்டை மட்டும். கதைகளையெல்லாம் அவர் அறிந்தது அந்த வழியில்தான். யார் செத்தார்கள், யார் யாரை ஏமாற்றினார்கள், எந்தப் பக்கத்தில் அழுகை வரும், எல்லாம் அத்துப்படி.

"நேரா புக்கப் படிச்சா இன்னா ஆப்பா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எழுதுனவன் பொய் சொல்லுவான், டீச்சர். அது அவன் வேல. படிச்சவனும் பொய் சொல்லுவான். ஆனா மாட்டிக்குவான்."

நான் அப்போது ஒரு பள்ளியில் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு இரண்டு முறை வினாத்தாள் ஜெராக்ஸ் எடுக்கப் போவேன். நின்ற இடத்தில் நிற்க முடியாத கால் எனக்கு. அந்தக் கடையில் மட்டும் நிற்கும். நோட்டில் நான் ஒரு நாளும் எழுதியதில்லை. ஏன் என்று அவர் கேட்டதுமில்லை. பயம்தான் காரணம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

பயப்பட வேண்டிய ஆள்தான் அவர். பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "இந்தக் கதைல இருக்குறவங்க எல்லாம் பஸ்ல போறாங்கன்னு வெச்சிக்க. நீ ஏறுற. யாரு பக்கத்துல போயி உக்காருவ? ஏன்? அத எழுது." பரோட்டாக் கடையில் வேலை பார்த்த ஒருவன், கடற்கொள்ளைக்காரர்கள் கதை ஒன்றைப் படித்துவிட்டு, கப்பல் தலைவன் பக்கத்தில் உட்காருவேன், அவன் தூங்குகிறவர்களை எழுப்புவதில்லை என்று எழுதினான். ஆப்பா அந்த வரியைப் பார்த்தார். "ஒன்ன எத்தினி மணிக்கி எழுப்புறாங்க?" என்றார். மூணு மணிக்கு என்றான். மீசை வைத்த ஆள், புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, லேமினேஷன் போட வந்தவர்கள் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

இன்னொரு முறை ஒரு கல்லூரிப் பெண் எழுதியதைப் படித்ததும் நிமிர்ந்தார். "இது நீ எழுதல. ஒங்கம்மா சொல்ல சொல்ல எழுதிகினு வந்துகீற." அந்தப் பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது. "எப்டி ஆப்பா?" "நீ எழுதிருந்தா அந்தக் கெழவனுக்கு இவ்ளோ பரிதாபப்பட மாட்ட." அந்தப் பெண் மறுபடி கடைக்கு வரவில்லை. எழுத்துக்கு அடியில் நிற்கும் ஆளை எட்டிப் பார்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. அந்தப் பழக்கம் எல்லோருக்கும் பிடிக்காது.

அப்படிப்பட்ட கடையில், என் நாவலின் மூன்று பிரதிகளைக் கொண்டுபோய் நானே வைத்தேன்.

பதின்வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியது. வகுப்பில் யாரும் சேர்த்துக்கொள்ளாத நாலு பேர். திக்குகிறவன் ஒருவன். இரண்டு முறை ஃபெயிலானவள் ஒருத்தி. தலையில் பேன் என்று ஒதுக்கிவைக்கப்பட்டவள். எப்போதும் தூங்கி விழுகிறவன். கடைசி பெஞ்சில் சேர்ந்து, ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கல்வராயன் மலைக்கு அருவி பார்க்கப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. திக்குகிறவன் நான். எனக்கே அடையாளம் தெரியக் கூடாதென்று ஆண்பிள்ளை ஆக்கியிருந்தேன்.

நோட்டு நிரம்ப ஆரம்பித்தது. ஒன்றிரண்டு இன்னும் மனப்பாடம்.

'திக்குற பையன் பக்கத்துல உக்காருவேன். அவன் ஒரு வார்த்த சொல்லி முடிக்கறதுக்குள்ள எங்க ஊரு வந்துடும்.'

'வீட்ல சொல்லாம மலைக்குப் போனது தப்பு. என்கிட்ட சொல்லிருந்தா நானும் போயிருப்பேன்.'

'ஒரு டீச்சர் கூட நல்லவங்க இல்ல. எழுதுனவங்க எங்க ஸ்கூல்ல படிச்சாங்களா?'

'ரெண்டு தடவ ஃபெயிலான அக்காவ யாரும் கேலி பண்ணாத மாதிரி எழுதிருக்கலாம். கதைல கூடவா?'

இந்தக் கடைசி வரிக்கு நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. சந்தோஷமா துக்கமா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆப்பாவோ மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "சண்ட கம்மி, அழுகை ஜாஸ்தின்னு நாலு பேரு எழுதிகீறாங்க. அடுத்த புக்குல பாத்துப் போடுங்க" என்றார்.

பிறகு ஒரு புதன்கிழமை. வினாத்தாள்கள் எந்திரத்திலிருந்து சூடாக விழுந்துகொண்டிருந்தன. தலையைத் தூக்காமல் கேட்டார்.

"டீச்சர், பின்னட்டைல நாலு பேருன்னு போட்டுகீறாங்க. நோட்ல அஞ்சு வருதே?"

"எது அஞ்சு?"

"பசங்க. அஞ்சாவதா ஒரு பொண்ணு. அத யாருமே மறக்கல."

கயிற்றோடு நோட்டை இழுத்து என் பக்கம் திருப்பினார். மலை மேல் ஓர் ஊரைச் சேர்ந்த பெண் எழுதியது, கீழே அவள் பெயர், பன்னிரண்டாம் வகுப்பு. 'எனக்குப் பிடித்தது கடைசியில் நடந்து வருகிறவள். போகும்போது அவள்தான் எல்லோருக்கும் முன்னால் போய் வழி காட்டுகிறாள். திரும்பி வரும்போது கடைசியாகி விடுகிறாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவள் பக்கத்தில் உட்காருவேன்.'

அடுத்த பக்கம். 'கடைசில வர்ற பொண்ணு பாவம்.' அதற்கடுத்து வேறு கையெழுத்து, வேறு ஊர். 'அவளுக்கு இன்னா ஆச்சின்னு எழுதவே இல்லியே?' அதற்கடுத்து, 'அஞ்சாவது பொண்ணு வீட்டுக்குப் போனாளா? பார்ட் டூ வருமா?'

என் நாவலில் அப்படி ஒருத்தி கிடையாது. எந்தப் பக்கத்திலும், எந்த வரியிலும் கிடையாது. எழுதியவளுக்குத் தெரியாதா? சூடான தாள்களின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஆப்பாவுக்கு ஒரு வழக்கம். புத்தகத்தை எடுத்துப் போகிறவரிடம், அதைப் பற்றிக் கடைசியாக எழுதப்பட்டதை வாசித்துக் காட்டித்தான் அனுப்புவார். சினிமாவுக்கு முன்னால் டிரெய்லர் மாதிரி என்பார். ஆக, அந்த மலைப் பெண் ஏதோ கற்பனையில் எழுதியது அடுத்தவர் காதில் விழுந்திருக்கிறது; அவர் புத்தகத்துக்குள் போகும்போதே அவளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்; எழுதியிருக்கிறார்; அதை வாசிக்கக் கேட்டு அதற்கடுத்தவர். ஒரு தவறு வாய் வழியாக ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. இப்படித்தான் ஆப்பாவிடம் சொன்னேன். வார்த்தைகள் எனக்கு லேசாகத் திக்கின.

"அப்டியா" என்றார். எந்திரத்தின் மூடியை மெதுவாக மூடினார். பச்சை வெளிச்சம் விளிம்பு வழியாகக் கசிந்தது.

அடுத்த வாரம் நான் கடையில் இருந்தபோதே ஒருத்தி வந்தாள். நைனார்பாளையத்திலிருந்து, நர்சிங் படிக்கிறவள். என் நாவலை அவளுடைய தோழி எடுத்துப் போய்ப் படித்துவிட்டு, இவளிடம் கொடுத்து, இவள் படித்துவிட்டுத் திருப்பித் தர வந்திருக்கிறாள். கடையை முதல் முறையாகப் பார்க்கிறாள். நோட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆப்பா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

"பஸ்ல யாரு பக்கத்துல உக்காருவம்மா?"

அவள் யோசிக்கவே இல்லை. "கால்ல தாவணித் துணிய கட்டிகினு உக்காந்துகினு இருக்குமே, அந்தப் பொண்ணு பக்கத்துல. கட்டு அவுந்து போயி கீதுங்க. நான் சரியா கட்டிவுடுவேன்."

தாவணித் துணி. அது நோட்டிலும் இல்லை. ஆப்பாவுக்கும் தெரியாது. உலகத்தில் ஐந்து பேருக்குத்தான் தெரியும். அதைக் கிழித்தது என் கை.

ஆப்பா ஷட்டரை முழுதாக இறக்கினார். பகல் பன்னிரண்டு மணி. ஷட்டரின் துளைகள் வழியே வெயில் ஊசி ஊசியாக உள்ளே நின்றது. ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே, நடந்துகொண்டே, அலமாரிக்கும் எந்திரத்துக்கும் இடையிலிருந்த ஆறடியில் திரும்பித் திரும்பிச் சொன்னேன்.

நாங்கள் ஐந்து பேர். எல்லோரும் பெண்கள். பத்தாம் வகுப்பு. ஐந்தாமவள் மலைக்காரி, ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். அருவிக்கு வழி தெரிந்தவள் அவள்தான். திரும்பும் வழியில் பாறை வழுக்கிக் கணுக்கால் பிசகியது. என் தாவணியைக் கிழித்துக் கட்டினேன். நடக்க முடியவில்லை. கடைசி பஸ்ஸை விட்டால் நாலு வீட்டிலும் தெரிந்துவிடும். 'நீ இங்கேயே உக்காரு, யாரையாவது அனுப்புறோம்' என்றோம். பஸ் ஏறினோம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாங்கள் போனது தெரிந்துவிடுமே. திங்கட்கிழமை அவள் வரவில்லை. ஹாஸ்டலில் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தார்கள். மலையில் ஹாஸ்டலில் இருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில் அவள் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்ப்பதை நிறுத்தினோம். அரைப் பரீட்சை வந்தது. முழுப் பரீட்சையும் வந்தது. அவள் வரவேயில்லை.

"உயிரோட கீதா?"

"தெரியல ஆப்பா."

"இன்னா தெரியல?"

"தெ... தெரியல."

"முப்பது வருஷமாவா?"

திட்டியிருக்கலாம். சின்னப் பிள்ளைங்கதானே என்று தேற்றியிருக்கலாம். ஆப்பா இரண்டும் செய்யவில்லை. நோட்டைக் கைப்பிடியிலிருந்து கழற்றினார். கயிறு மட்டும் அலமாரியில் ஆடியது.

"காலைல பஸ் எத்தினி மணிக்கி?"

"ஆப்பா, எந்த மொகத்த வெச்சிக்கினு..."

"உங்க மொகத்துக்கு இல்ல டீச்சர். வூட்டுக்குப் போனாளான்னு பசங்க கேட்டு எழுதி வெச்சிகீதுங்க. கடைய தொறந்து வெச்சிகினு நான் இன்னா ஜவாப் சொல்றது?"

கச்சிராயபாளையம் தாண்டி, அணைக்கட்டு தாண்டி, பஸ் வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் ஆப்பா புர்கா முனையால் வாயைப் பொத்திக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தார். "மட்டம் போட நல்ல எடம் பாத்தீங்க போங்க. சினிமாவுக்குப் போனா ஆவாதா?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது; வந்த வேகத்தில் பயமாக மாறியது. மரங்களுக்கு நடுவே பாறைகள் தெரிந்தன. எல்லாப் பாறையும் ஒரே பாறையாக இருந்தது. வாய் பேசாமல் உட்கார்ந்திருக்கும் மலை, கீழே ஊர்கள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. வெள்ளிமலையில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, ஐந்தாமவளைப் பற்றி நோட்டில் முதலில் எழுதியிருந்த மலைப் பெண்ணின் பெயரைக் கேட்டுக் கேட்டுப் போனோம்.

ஓட்டு வீடு. வாசலில் மரவள்ளிக்கிழங்குக் குவியல். ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்து தோல் சீவிக்கொண்டிருந்தாள். என் வயது. நோட்டில் எழுதிய பெண் அவளுடைய மகளாம். நர்ஸுக்குப் படிக்கச் சேலம் போயிருக்கிறாளாம். ஆப்பா பேசிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்றேன்.

"வ... வணக்கம்" என்றேன்.

கத்தி நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். மேல்பல் சற்றே ஏறிய அந்தச் சிரிப்பு. பெஞ்சின் ஓரத்திலிருந்து வரும் அதே சிரிப்பு.

"இன்னும் திக்குறியா நீ?" என்றாள். என் பெயரை இனிஷியலோடு சொன்னாள்.

இருந்தாள். உயிரோடு, மூக்குத்தியோடு, கையில் கிழங்கு மாவோடு இருந்தாள். நான் தோல் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆப்பா எதையும் பார்க்காதவர் போல ஒரு கிழங்கை எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.

"மறுநாளு கடுக்கா பொறுக்க வந்தவங்க தூக்கினு வந்தாங்க" என்றாள் அவள், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. "ராத்திரி பூரா ஒங்க நாலு பேரு பேரயும் கூப்ட்டுகினு இருந்தேன். மாத்தி மாத்தி. ஒன் பேரு சொன்னா மட்டும் எதிர்ப்பாறையில இருந்து திரும்பி வரும். அதனால ஒன்னிய தான் ஜாஸ்தி கூப்ட்டேன். அப்பறம் எங்கப்பா ஸ்கூலுக்கு அனுப்பல. அவ்ளோதான்."

ஒரு கோழி குவியலைச் சுற்றிவந்தது.

"எம் பொண்ணு சின்னதா இருந்தப்பருந்து இந்தக் கதைய எங்கிட்ட கேட்டுகினு இருக்கும்" என்றாள். "ஒன் புக்க எடுத்துகினு வந்து முழுசும் படிச்சிக் காமிச்சிச்சி. அம்மா, இதுல ஒன்ன காணோமேன்னிச்சி. வுடுடீ, எடம் பத்தாம போயிருக்கும்னேன்."

தாவணித் துணியைப் பற்றி மகள் யாரிடமாவது சொன்னாளா என்று கேட்டேன். சேலத்தில் நைனார்பாளையத்துப் பிள்ளை யாராவது கூடப் படிக்கிறாளா என்று கேட்டேன். "அத நான் அதுகிட்டயே சொன்னதில்லியே" என்றாள். மேற்கொண்டு கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆப்பா கிழங்கைக் கீழே வைத்தார். கையை புர்காவில் துடைத்துக்கொண்டு பையிலிருந்து நோட்டையும் ஜெல் பேனாவையும் எடுத்தார்.

"கத கேட்டுகீறீங்க. அபிப்பிராயம் சொல்லணும். நானே எழுதிக்கிறேன்."

அவள் வெட்கப்பட்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நல்லா தான் எழுதிகீது" என்றாள்.

"அது பிரியாணிக்கு" என்று ஆப்பா சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"ஒண்ணு தான் தப்பு. கடைசில பேய் மழ பேயுது, பசங்க எல்லாம் தலதெறிக்க ஓடுதுங்கன்னு வருது." பேசும்போது என்னைப் பார்க்கவில்லை, ஆப்பாவின் பேனாவைத்தான் பார்த்தாள். "அன்னிக்கி மழயே இல்ல. நல்ல வெயிலு."

எல்லோரும் பாராட்டிய அத்தியாயம் அது. அந்த மழையை எழுத எனக்கு ஐந்து மாதம் ஆனது.

ஆப்பா வரியை முடித்துப் புள்ளி வைத்தார். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. பிறகு, எல்லோரிடமும் கேட்பதுபோல, "பேரு?" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கத்தியால் என்னைக் காட்டினாள். "ஒரே பெஞ்சு தான. அது சொல்லட்டும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அவளுடைய ஏறுபல் நினைவிருந்தது. அவள் சாப்பாட்டு டப்பாவின் நசுங்கிய மூடி நினைவிருந்தது. கணுக்காலில் நான் போட்ட முடிச்சு, அவள் உள்ளங்கையின் சொரசொரப்பு, பஸ் ஜன்னலில் நான் திரும்பிப் பார்க்காமல் வைத்திருந்த என் கழுத்தின் வலி, எல்லாம் இருந்தன. நாங்கள் அவளை 'மலை' என்று கூப்பிட்டோம். வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

"பரவால்ல டீச்சர். மெதுவா யோசிங்க" என்றார் ஆப்பா.

நான் யோசித்தேன். பேனா முனை தாளைத் தொட்டபடியே நின்றது. அதன் கீழே மை ஊறி, கடுகளவாகி, மிளகளவாகி, அடுத்த பக்கத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.